நாக்கை நீட்டாத நோயாளி

“யானைக்குக் காய்ச்சல் வந்தா, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வாரா சார்?”

கேட்டவன் இரண்டாம் வகுப்பு. இடம் திருவண்ணாமலை. கிரிவலம் போகிற திருவண்ணாமலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிற எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை. தென்திருப்பதி என்றால் ராஜபாளையத்துக்காரர்களுக்கு உடனே புரியும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் காற்றுதான் கூட்டம். மேற்கே திரும்பினால் மலைத்தொடர். யானை, சிறுத்தை, மிளா, காட்டுமாடு, வரையாடு எல்லாம் அங்கே உண்டு. சாம்பல் நிற அணிலுக்காகவே 1988இல் அந்தக் காட்டைச் சரணாலயமாக்கினார்கள். 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

பையனின் கேள்விக்குக் காரணம் என் கையிலிருந்த படப் புத்தகம். வெள்ளைக் கோட்டு டாக்டர், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். எதிரே கட்டிலில் ஒரு மான், தலையில் கட்டோடு சிரிக்கிறது. வெளியே பெஞ்சில் கரடி, புலி, முயல் மூன்றும் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கின்றன. நானே காசு கொடுத்து வாங்கிய புத்தகம், குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அதில் நம்பக்கூடியது அந்த ஸ்டெதாஸ்கோப் ஒன்றுதான். யானையிடம் அதுவும் அவ்வளவாக எடுபடாது. நாடி பார்க்க, காதின் பின்பக்கம் ஓடும் ரத்தக்குழாயில் விரல் வைப்பார்கள்.

விலங்கு டாக்டரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் வீட்டு நாயில் ஆரம்பிக்கிறோம். அதில் தப்பில்லை. அந்த நாயையே பிடித்து இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறோமே, அங்கேதான் தடுமாற்றம். வீட்டு நாய்க்கு டாக்டர் பழக வேண்டிய ஆள். காட்டு விலங்குக்கு அவர் பழகவே கூடாத ஆள். தன் மருந்து வேலை செய்ததா என்று அவர் தெரிந்துகொள்வது, நோயாளி தன்னைக் கண்டதும் எடுக்கிற ஓட்டத்தை வைத்து. இதை ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது.

“நீட்டாது” என்றேன்.

“அப்புறம் எப்படிக் காய்ச்சல் பாப்பாங்க?”

“லத்தியை வச்சு.”

சிரிப்பு அடங்க நேரமானது. மாடு போட்டால் சாணி, ஆடு போட்டால் புழுக்கை, யானை போட்டால் லத்தி. இந்த மூன்று சொல்லையும் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை; அறிவியலை அங்கிருந்தே தொடங்கலாம். யானை ஒரு நாளைக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் லத்தி போடும். போட்ட சூட்டோடு அந்த உருண்டையின் நடுவே வெப்பமானியைச் செருகினால் கிடைப்பது யானையின் உடல் வெப்பம். நலமாக இருக்கிற யானைக்கு அது ஏறக்குறைய 36 டிகிரி செல்சியஸ். நம்மைவிட ஒரு டிகிரி குறைவு.

லத்தி வேறு சேதியும் சொல்லும். அதில் நார் நீளநீளமாக, மெல்லப்படாமல் கிடந்தால் கடைவாய்ப் பற்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பல் முளைக்கும். ஆறாவதும் தேய்ந்தபின் ஏழாவது கிடையாது. வயிறு நிறையத் தின்றும் உடம்பில் ஒட்டாமல் அது மெலியும். குடற்புழு முட்டைகள் நுண்ணோக்கியில் தெரியும். காலடித் தடமும் பேசும்: முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து, அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்தால் தோள் வரை உள்ள உயரம். நாலு அடிக் கயிறு என்றால் எட்டு அடி யானை. இந்தக் கணக்கைச் சொன்னதும் ஆளாளுக்குத் தங்கள் கால்தடத்தை அளந்து இரண்டால் பெருக்கிப் பார்த்து, ஏமாந்து போனார்கள்.

இவ்வளவு சுற்றி வளைப்பது ஏன்? காட்டு விலங்கு தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. நொண்டுகிற மானை முதலில் கவனிப்பது செந்நாய். அதனால் வலிக்கிற காலையும் ஊன்றித்தான் நடக்கும், முடிகிற மட்டும். ‘இந்த யானை ரெண்டு நாளா ஒரே இடத்துல நிக்குது’, ‘தண்ணிக்கு வருது, குடிக்காம திரும்புது’ என்று முதலில் சொல்லுவது டாக்டர் அல்ல. அந்தப் பக்கம் தினமும் நடக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர்களும், மலையிலேயே பிறந்து வளர்ந்த பளியர்களும்தான். டாக்டர் வந்து சேரும்போது பாதி நோயறிதல் முடிந்திருக்கும். படப் புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு மூலைகூடக் கிடைப்பதில்லை என்பது என் தீராத வருத்தம்.

அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். “ஊசி போடும்போது மிதிக்காதா?”

அதற்கு நான் அரிசிக்கொம்பன் கதையைச் சொல்வேன். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பெயர் வாங்கிய யானை. 2023 ஏப்ரல் 29 அன்று கேரளத்தின் சின்னக்கானலில் அதைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். அதற்குக் காப்பகத்தின் எல்லைக்கோடு தெரியுமா என்ன? மேகமலைப் பக்கம் வந்து சுற்றியது. அதாவது, இப்போது எங்கள் புலிகள் காப்பகத்தில் அடங்கிய அதே மலை. மே 27 அன்று கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஜூன் 5 அதிகாலை வனத்துறையின் கால்நடை மருத்துவர்கள் மயக்க ஊசி செலுத்தினார்கள். பழக்கிய கும்கி யானைகள் தள்ளிக்கொடுக்க லாரியில் ஏற்றி, தென்கோடியில் களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். தும்பிக்கையில் இருந்த காயத்துக்கும் மருந்து போட்டுத்தான் அனுப்பினார்கள்.

ஊசியைக் கையால் போடுவதில்லை, துப்பாக்கியால் சுடுவார்கள். பிள்ளைகள் இதைக் கேட்டதும் முகம் மாறுவார்கள். அதனால் ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்து விளக்குவது வழக்கம். ஊசியின் நுனி அடைத்திருக்கும், துளை பக்கவாட்டில். அந்தத் துளையை ஒரு சின்ன ரப்பர் வளையம் மூடியிருக்கும். மருந்துக்குப் பின்னால் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். ஊசி தசைக்குள் நுழையும்போது தோல் அந்த வளையத்தைப் பின்னுக்குத் தள்ளும். துளை திறக்கும், காற்று மருந்தை உள்ளே தள்ளிவிடும். வால்பக்கம் பளிச்சென்று ஒரு குஞ்சம், நேராகப் பறக்கவும் விழுந்தால் தேடி எடுக்கவும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜைலசின், தேவைப்பட்டால் கூடவே கீட்டமின். தெளியவைக்க யோகிம்பின் போன்ற மாற்று மருந்து இன்னொரு ஊசியில் தயாராக இருக்கும்.

யானைக்கு முழு மயக்கம் கொடுத்துக் கீழே சாய்ப்பதைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள். நின்றபடியே தூங்கிவழிகிற அளவுக்கு மருந்து போதும். நமக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே வழுக்கலான ஒரு இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடத்தில் இணைப்புத் திசு நிறைந்து, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கும். நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. குப்புறப் படுத்துவிட்டால் அதன் எடையே அதன் மூச்சை நெரிக்கும். அதனால் ஒருவர் தும்பிக்கை மடங்காமல் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் காதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். காதுகள்தான் யானையின் விசிறி. மயக்கத்தில் அது வீச மறந்துபோகும். மூச்சை எண்ண ஒரு ஆள், நாடிக்கு ஒரு ஆள். நிமிடத்துக்கு முப்பது துடிப்பு. உங்கள் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பாருங்கள், தொண்ணூறு வரும். பிள்ளைகள் தாங்களாகவே எண்ணிய அந்த ஒரு நிமிடம், நான் பேசிய அரை மணி நேரத்தைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது.

மானுக்கு வருகிறேன். யானையைவிடக் கஷ்டமான நோயாளி அது.

கிணற்றில் விழுந்த புள்ளிமானை ஊரே சேர்ந்து கயிறு கட்டித் தூக்குவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. மேலே வந்ததும் ஆளுக்கொரு கை தடவிக்கொடுக்கும், செல்போன் வரிசையாக நீளும், யாரோ வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பில் கீறல்கூட இருக்காது. ஆனால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மான் செத்துப்போகும். ‘பயத்துலயே போயிருச்சு’ என்பார்கள். அது வெறும் பேச்சல்ல. பிடிபட்ட பதற்றத்திலும் திமிறலிலும் தசைகளில் அமிலம் சேர்ந்து தசைநார்கள் உடைகின்றன. அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் பழுப்பாகிறது, இதயம் தடுமாறுகிறது. நம்முடைய தடவல், மானுக்குச் சிறுத்தையின் கை. விவரம் தெரிந்தவர்கள் முதலில் செய்வது கண்ணைத் துணியால் கட்டுவதுதான். வெளிச்சம் மறைந்ததும் பதற்றம் பாதி இறங்கும். அப்புறம் கூட்டத்தை விரட்டுவார்கள், ஒருவரும் பேசக்கூடாது.

இதைச் சொல்லிவிட்டு ஒரு விளையாட்டு வைத்தேன். ஒரு பிள்ளைக்குக் கண்ணைக் கட்டி நடுவில் உட்கார வைத்தோம், அவள்தான் மான். மற்றவர்கள் சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும்; காலடி கேட்டால் மான் கை தூக்கும். கை தூக்கினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. டாக்டர் விளையாட்டில் கிட்டே போவதற்குப் பதில் தள்ளிப்போனால் வெற்றி என்பது அவர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

காட்டு விலங்கு மருத்துவம் என்று தமிழில் பேச வாயெடுத்தால் டாக்டர் கே. என்று அழைக்கப்பட்ட வி. கிருஷ்ணமூர்த்தியைத் தாண்டிப் போக முடியாது. 1929இல் பிறந்தவர், 2002இல் மறைந்தார். முதுமலையிலும் ஆனைமலையிலும் வனத்துறையின் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவர். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையால் அவர் பெயர் வீடுகளுக்குள் வந்தது. பிள்ளைகளுக்கு நான் சொல்வது மூர்த்தியின் கதை. இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை. சுட்டுவிடலாம் என்று கேரளத்தில் முடிவான யானை தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தது. 1998இல் டாக்டர் கே. தலைமையில் அதை உயிரோடு பிடித்தார்கள். உடம்பெல்லாம் துப்பாக்கிக் குண்டுக் காயம். வைத்தியம் பார்த்து, அவர் பெயரில் பாதியை அதற்கு வைத்தார்கள். தெப்பக்காடு யானைகள் முகாமில் சாதுவாக வாழ்ந்து 2024இல்தான் அது இறந்தது.

“அத்தனை பேரைக் கொன்னதுக்கு ஏன் மருந்து போட்டாங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. உடம்பில் அத்தனை குண்டோடு திரிந்தால் உனக்குக் கோபம் வராதா என்று திருப்பிக் கேட்டேன். அவள் முழுதாக ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை; இறந்தவர்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

டாக்டர் கே. செத்த யானைகளையும் விடாமல் அறுத்துப் பார்த்தவர். யானை எதனால் செத்தது என்று தெரிந்தால்தான் அடுத்த யானையைக் காப்பாற்றலாம். ஒரே ஒரு சந்தேகம் வந்தால் மட்டும் கத்தியைத் தொடக்கூடாது. அது அடைப்பான், ஆந்த்ராக்ஸ். அதற்குக் காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதோடு சரி. உடம்பைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு விதை போன்ற உறைக்குள் போய்விடும், பிறகு மண்ணில் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். இங்கேயும் பாருங்கள், தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

அடுத்துச் சொல்லப்போவது காட்டில் நடப்பதில்லை, மாட்டுத் தொழுவத்திலும் நாய்க் கொட்டடியிலும் நடப்பது. 1990களில் இந்தியாவின் பாறு கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் யூரிக் அமிலம். லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் காரணத்தை வெளியிட்டார்கள்: மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக். செத்த மாட்டைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் நின்றுபோகிறது. 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மாட்டு டாக்டரின் கையிலிருந்த ஊசி, அவர் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு பறவைக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டிருக்கிறது.

நாய் விஷயம் எங்களுக்கு இன்னும் நெருக்கம். வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக ராஜபாளையம் நாய் 2005இல் தபால்தலையில் வந்தபோது ஊரே நிமிர்ந்து நடந்தது. அந்த நாய்க்குக் குட்டியிலேயே போடுகிற தடுப்பூசிகளில் ஒன்று டிஸ்டெம்பருக்கு. அதே வைரஸ் 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது, மூன்றில் ஒன்று. அது சிங்கங்களுக்குப் போனது சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களிடமிருந்து என்றுதான் ஆய்வாளர்கள் கருதினார்கள். 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தன; அவற்றில் சிலவற்றிலும் இந்த வைரஸ் இருந்தது. ‘ஊசி போடாத நாய் நம்ம காட்டோரச் செண்பகத்தோப்புப் பக்கம் ஓடினால் என்ன ஆகும்’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். “எங்க நாய்க்குப் போட்டாச்சு” என்று மூன்று குரல் வந்தது. நாலாவது பையன் அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் நாயோடும் தடுப்பூசி அட்டையோடும் வந்து நின்றான்.

பிழைக்காத விலங்கைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாமா? எனக்கு இதில் நெடுநாள் தயக்கம். 2021 ஜனவரியில் மசினகுடியில், முதுகுப் புண்ணுக்குப் பழத்தில் மருந்து வைத்துக் கொடுத்துக் கவனித்துவந்த யானையின் மேல் எரிகிற டயரை வீசினார்கள். முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில், 19ஆம் தேதி அது இறந்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற வெடியான அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதறிய யானைக்கு எந்த டாக்டரும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. இந்த இரண்டையும் நான் சிறுபிள்ளைகளிடம் சொல்வதில்லை. மருதமலைக் கதையைச் சொல்கிறேன். 2024 மே மாதக் கடைசியில் அங்கே அடிவாரத்தில் ஒரு பெண் யானை விழுந்து கிடந்தது, பக்கத்தில் குட்டி. கிரேன் வைத்துப் பட்டையால் நிமிர்த்திப் பிடித்து, காதின் ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சில நாளில் எழுந்து காட்டுக்குள் நடந்துபோனது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே மருதமலையில் இன்னொரு பெண் யானை விழுந்தது. குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, மிதக்கவிட்டுக்கூடப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. வயிற்றில் குட்டி இருந்தது, குடலில் பிளாஸ்டிக்கும் இருந்தது.

இதைக் கேட்டதும் ஒருத்தி, “சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போறப்ப நாங்களும் பாக்கெட் போட்டோம்” என்றாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சாம்பல் நிற அணிலுக்கு டாக்டர் யார் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் சரியான பதில் இல்லை. மர உச்சியில் வாழ்கிறது; ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடுகிற இடமாகப் பார்த்துக் கூடு கட்டுகிறது. நடுவே ஒரு மரத்தை வெட்டினால் அது தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும், தரையில் நாய் இருக்கும். மாந்தோப்புக்காரர் ஒருவர் வெட்டாமல் விட்ட கிளைக்கு மருத்துவச் செலவில் எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது?

சாதாரண அணில் குஞ்சு ஒன்று அந்த வாரமே வேப்பமரத்தடியில் விழுந்து கிடந்தது. கண் திறக்காத குஞ்சு. பசும்பால் கொடுக்கலாம் என்று ஓடிய பையனை மற்றவர்களே பிடித்து நிறுத்தினார்கள்; பால் மூச்சுக்குழாய்க்குள் போகும், போகாவிட்டாலும் வயிற்றைக் கெடுக்கும். ஒரு பனையோலைக் கொட்டானில் பழந்துண்டை மடித்துப் போட்டு, குஞ்சை அதில் வைத்து, பூனைக்கு எட்டாத கிளையில் கட்டினோம். பிறகு எதிர்த் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். பதினோரு பிள்ளைகள், ஒரு மணி நேரத்துக்கு மேல், பேச்சில்லாமல். அப்படி ஒரு வகுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தாய் அணில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் தடவை கொட்டானுக்குள் தலையை விட்டது, குஞ்சைக் கவ்வியது, அடுத்த மரத்துக்குத் தாவி மறைந்தது. யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிள்ளை மெல்ல எழுந்து வந்து, என் சட்டையை இழுத்து, காதோரம் கேட்டாள்:

“இப்ப துண்டை எடுக்கலாமா சார்? அது எங்க ஆச்சியோடது. கேட்காம எடுத்துட்டு வந்துட்டேன்.”